நாலடி பத்தங்குலம்

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்கு எதிரே
என் போட்டோக் கொப்பிக் கடைச் சுவரில்
பென்சிலால் ஒரு கோடு.
வர்த்தமானி வந்த வெள்ளிக்கிழமை
நானே அளந்து கீறியது.
விண்ணப்பத்துக்குக் காசு கட்ட முன்னம்
செருப்பைக் கழட்டிப்போட்டு
இதில ஒருக்கா முதுகை வை, புள்ள.

எல்லாரும் நேர்சிங் என்றுதான் வருகிறார்கள்.
ஒரே சொல். அதற்குள் நாலைந்து வாசல்,
ஒவ்வொன்றிலும் வேறு பூட்டு.

பட்டமென்றால் இசட் புள்ளி.
கிரிதாசன் நேற்று முழுக்க
என் கணினிக்கு முன் குந்தியிருந்து
தசமத்துக்குப் பின்னால் நாலாம் இலக்கத்தைத்
தொட்டுத் தொட்டுப் பார்த்தான்,
தொட்டால் ஒன்று கூடும் என்பதுபோல.

மூன்று வருசத் தாதியர் கல்லூரிக்கு
உயர்தர விஞ்ஞானத்தில் மூன்று சித்தி, ஒரே தடவையில்;
கணிதத்தில் திறமை;
கிராம சேவகரின் கடிதம்;
மறுகா உயரம்.

மருதமுனை சிப்னாவிடம் சாதாரண தரம் மட்டும்.
ஆறு மாசப் பராமரிப்புப் பயிற்சி, பிறகு சைப்பிரஸ்.
"அங்க வயசாளிகளத் தூக்க வேணுமாம்" என்கிறாள்,
வழியில் கிடந்த என் தாள் பெட்டியை
ஒற்றைக் கையால் தூக்கி அப்பால் வைத்தபடி.

புனிதராணி மிஸ்ஸி
இரவு வேலை முடிந்து சீருடையோடே வந்தா.
பத்தொன்பது வருசச் சேவை,
இப்போது பட்டம் முடிக்க ஆசை.
பிறந்த பிள்ளையின் தலையிலும் நரம்பு கண்டுபிடிப்பவவுக்கு
ஆங்கிலத்தில் வாங்கிய எஸ்ஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை.
சான்றிதழைக் கறையான்
சரியாக அந்த வரியில் தின்றிருக்கிறது.
பிரதி கேட்டுக் கொழும்புக்கு எழுதிக் கொடுத்தேன்.
காசு வாங்கினேன்தான்.
தாள் விலை ஏறிப்போச்சு.

அக்கா, நீங்க ஏன் போகல்ல என்று கேட்கிறார்கள்.
என்னிடம் எல்லாம் இருந்தது.
இருபத்தாறு வயதில் வர்த்தமானி வரவில்லை.
இருபத்தேழிலும் இல்லை; அமைச்சு மாறிற்று, ஆள் மாறிற்று.
வயதெல்லை தாண்டிப் பதினோராம் நாள்
வந்தது.
அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கத்தை
முந்நூற்று நாற்பது பிரதி எடுத்து விற்றேன்.
மெஷின் கொதித்து நின்றது.
மூடியைத் திறந்துவிட்டு
ஈரத் துணியால் துடைத்துக் காத்திருந்தேன்.
தணிந்தது.

இந்த முறை கோட்டுக்குக் கீழே நின்றது
டிலோஜினி மட்டும்தான்.
இரண்டு சீ, ஒரு எஸ்.
மண்டூரில் பாதை ஏறி, வாவி கடந்து
குருமண்வெளியில் இறங்கி நடந்திருக்கிறாள்.
பின்னேரம் நாலு மணி.
கால் அங்குலம் காணாது.
அழவில்லை. கோட்டைத்தான் முறைத்தாள்,
நான் பிழையாய்க் கீறிவிட்டேன் என்று.

"விடியவே வா. முதல் பாதையில வா."
பகல் முழுக்க நின்றால் முதுகெலும்பு அமுங்கும்,
படுத்தெழும்பினால் கொஞ்சம் நீளும்.
எங்கேயும் படித்ததில்லை இதை.
கடை திறக்கும்போதும் பூட்டும்போதும்
என்னையே அளந்து பார்த்திருக்கிறேன்,
ஒருத்தருக்கும் சொல்லாமல், வருசக்கணக்காய்.

மறுநாள் அவளைக் கூட்டிவந்த மாமன் சொன்னான்:
"பாதையில மோட்டார் சைக்கிளுகளுக்கு நடுவில
பலகையில நீட்டி நிமிர்ந்து கிடந்தவள்.
செத்துப்போனாளெண்டு நினைச்சி
ஒரு மனிசன் துவாயால மூடப் பாத்தான்."

செருப்பைக் கழற்றினாள்.
"கொண்டைய அவிழ்."
அவிழ்த்தாள்.
"மூச்சைப் பிடிக்காத."
பிடித்தாள்.
அடிமட்டத்தை உச்சியில் கிடத்திப்
பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன்.
கோட்டைக் காணவில்லை.