மூடுபனி நாளில் ஒரு நுழைவுச்சீட்டு

“இன்று மேலே ஒன்றும் தெரியாது”
என்று சொல்லிவிட்டுத்தான் விற்கவேண்டும்.
மூன்று மொழிகளில் ஒட்டியும் வைத்திருக்கிறோம்:
மூடுபனிக்குப் பணம் திரும்பத் தரப்படாது.

தாலின் தொலைக்காட்சிக் கோபுரத்தின் காலடியில்
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
தலைக்கு மேல் முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்.
காலையிலிருந்து கண்ணில் பட்டது முதல் இருபதுதான்,
மீதியை நம்பிக்கையில் விற்கிறேன்.

பதினோரு மணிக்கு அவர் வந்தார்.
ஈரக் கம்பளித் தொப்பி. எண்ணிக் கொண்டுவந்த சில்லறை.
“ஒன்றும் தெரியாது” என்றேன்.
“தெரியும்” என்றார்.
எந்தத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு மேலிருந்து ரைவோ கூப்பிட்டான்,
காப்பி எந்திரத்தின் சீறலுக்கு நடுவே:
“ஒருத்தர் வடக்கு ஜன்னலை விட்டு நகரவே இல்லை.
வந்து பார்.”

லிஃப்டில் இருமுறை காது அடைத்தது.
மேலே எல்லா ஜன்னலும் ஒரே ஜன்னல்.
தரையில் பதித்த கண்ணாடி வட்டத்தின் மேல்
பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள்.
ஆழம் தெரியாமல் காலை விட
இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

அவர் திரும்பாமலே பேசினார்.
“முஸ்தமாயேயில் ஐந்தாவது மாடி.
அப்பா பால்கனியில் ஏரியலைத் திருப்புவார்,
நான் திரைக்கு முன்னால்.
வந்ததா? இல்லை.
வந்ததா? இல்லை, இல்லை... இப்போ!
கடல் தாண்டி ஹெல்சின்கியின்
சலவைத்தூள் விளம்பரம், புள்ளி புள்ளியாக.
இந்தக் கோபுரம் அனுப்பியதெல்லாம்
துல்லியமாக வந்தது.
அதை யார் பார்த்தார்கள்?”

நான் நார்வாவில் பிறந்தவள்.
எங்கள் வீட்டில் லெனின்கிராட் சுத்தமாக வரும்.
வந்ததா என்று என்னை
யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

“இதே புள்ளிகள்தான்” என்று
பனியை விரலால் தொட்டார்.
கண்ணாடியில் விரல் நின்றது.

கீழே என் கூண்டு பூட்டிக் கிடக்கிறது.
யாராவது தட்டிக்கொண்டிருக்கலாம்.
அரைக்கணம், சாம்பலுக்குள் ஒரு கருஞ்சாம்பல்,
கப்பலோ, துடைக்காத கறையோ.

“வந்ததா?” என்றார்.

காலையிலிருந்து நாற்பது பேருக்காவது
ஒன்றும் தெரியாது என்று சொன்ன வாய் இது.

“இல்லை” என்றேன்.
“இன்னும் கொஞ்சம் இடது பக்கம்.”

அவர் ஓர் அடி நகர்ந்தார்.