ஜன்னல் முறை

ரீகாவில் ஏறும்போதே டாக்னியா ஒரு சட்டம் போட்டாள்:
எல்லை தாண்டினால் ஜன்னல் இருக்கை கைமாறும்.
லிதுவேனியா அவளுக்கு, போலந்து எனக்கு.
போலந்து இவ்வளவு நீளம் என்று
வரைபடத்தில் அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை.
வார்சா தாண்டியும் வெகுநேரம் முறைத்துக்கொண்டு வந்தாள்.

ஊர் பார்த்து வந்தவர்கள்
கோபுரத்திலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள்.
நாங்கள் பார்த்ததெல்லாம் ஊர்களின் முதுகு.
பேருந்து நிலையம், அதை ஒட்டி ஒரு டயர்க் கடை,
காசு போட்டால் மட்டும் திறக்கும் கழிப்பறை.
ஒருத்தி போடுவாள், இருவரும் ஒட்டிக்கொண்டு நுழைவோம்.
வ்ரோட்ஸ்வாஃபில் துடைப்பத்தோடு நின்ற அம்மாள்
பார்த்துவிட்டு, பார்க்காததுபோல்
தரையின் வேறு மூலையைத் துடைக்கப் போனாள்.

இரவுப் பேருந்துதான் விடுதி.
வாடகை மிச்சம், கழுத்துதான் செலவு.
டாக்னியா வாய் திறந்து தூங்குவாள்,
விடியும்போது என் தோளில்
ஒரு நாணயம் அளவுக்கு ஈரம் இருக்கும்.
எந்த நாட்டு நாணயம் என்பது
அன்றைக்கு எவ்வளவு நேரம் தூங்கினாள் என்பதைப் பொறுத்தது.

வீட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்பு ரொட்டி
பிராகில் தீர்ந்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போட்டோம்:
வல்டாவாவின் அன்னங்களுக்கு ஓரம் மட்டும்,
அதுவும் காய்ந்த ஓரம்.
ஒரு அன்னம் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.
நாங்களே தின்றோம்.

லின்ஸில் சண்டை.
நான்கு யூரோ முப்பதுக்கு அவள் ஒரு கேக் வாங்கினாள்.
எனக்கு வேண்டாம் என்றேன். பிறகு பாதி தின்றேன்.
பாதி என்பது என் கணக்கு.
முக்கால் என்பது அவளுடையது.
ஆஸ்திரியா முழுக்க நான் மலைகளைப் பார்த்தேன்,
அவள் எனக்கு முதுகு காட்டி
நடுவழியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்,
அங்கே ஏதோ தெரிவதுபோல.
அவ்வளவு கோபத்துக்கு அந்தக் கேக் தாங்காது.
அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இத்தாலிக்கு முந்தைய நிறுத்தம், அதிகாலை மூன்று.
போலீஸ்காரர் ஏறி விளக்கைப் போடச் சொன்னார்.
பைகளைத் திறக்கச் சொன்னார்.
என் பையில் அழுக்குத் துணி, ஒரு வெங்காயம்.
அவள் பையின் அடியிலிருந்து
சாம்பல் நிறத்தில் கனமாக ஒன்று வெளியே வந்தது.
கம்பளிக் கோட்டு.
நடந்துகொண்டிருந்தது ஜூலை.

எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார்.
வழக்கமான கேள்வி,
பதிலைக் கேட்கக்கூட அவர் நிற்கவில்லை.
டாக்னியா என்னைப் பார்த்து, மெதுவாக,
தெரியவில்லை என்றாள்.

ட்ரியெஸ்டேவில் ஓர் ஓட்டலின் சலவை அறை,
ஆள் ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறது, ஏப்ரலிலேயே.
முன்னாலேயே சொல்லியிருந்தால்
நீ வந்திருக்கமாட்டாய் என்றாள்.
வந்திருப்பேன்.
வழி நெடுக அழுதுகொண்டு வந்திருப்பேன்,
கேக்குக்குச் சண்டை போட்டிருக்கமாட்டேன்.
அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது என்றாள்.

இரண்டு நாள் கடலில் கால் நனைத்தோம்.
நிலையத்தில் கடைசியாக ஒருமுறை
ஒரே காசில் உள்ளே நுழைந்தோம்.
கண்ணாடி முன்னால் அவள் என் காலரைச் சரிசெய்தாள்.
அது சரியாகத்தான் இருந்தது.

திரும்பும் பேருந்தில் இரண்டு இருக்கையும் எனக்கே.
எல்லைப் பலகை பின்னால் போனதும் எழுந்து
நடுவழிப் பக்கம் மாறி உட்கார்ந்தேன்,
ஜன்னலோரம் பையை வைத்தேன்.
லுப்லியானாவில் ஏறிய கிழவர்,
கையில் கோழிக்குஞ்சுகள் கீச்சிடும் பெட்டி,
இங்கே ஆள் இருக்கிறதா என்று
கையசைவிலேயே கேட்டார்.

ஆஸ்திரியா வரைக்கும் இருக்கிறது என்றேன்.