நாற்பத்தோராவது குழல்

தம்பலகாமத்தில் மாசி அறுவடை முடிகிற கிழமைகளில்
மில் இரவிலும் நிற்காது.
கந்தளாய்த் தண்ணி குடித்த நெல்
அவிந்து, காய்ந்து, உமி கழன்று
கடைசியில் என்னிடம் வரும்.

என்னிடம் என்றால், கண்ணிடம்.
சரிந்த தகட்டில் வழுக்கி
வெளிச்சத்துக்குள் விழுகிற ஒவ்வொரு அரிசியையும்
ஐயாயிரம் புள்ளிகளின் ஒற்றைக் கோடு பார்க்கும்.
முழுசாய் அல்ல,
வெட்டிய நகம் போல் மெல்லிய கீற்றுகளாய்.
கீற்றுகளை அடுக்கி
இது கல், இது கறுப்பு, இது பால்வெள்ளை என்று
அது தீர்மானிக்கிற நேரத்துக்குள்
நான் ஒரு தடவை இமைத்து முடிந்திருக்காது.
பிறகு காற்று.
அறுபத்துநான்கு குழல்களில் ஒன்று
டிக் என்னும்.
கறுத்தது மட்டும் பாதை மாறிப்
பின்சாக்கில் விழும்.

பகலில் உவர்மலையில் என் வாடகை அறை.
வாசலில் மான்கள் வந்து
சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும்.
ஒன்றையும் தரம் பிரிக்காமல்
அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்
எனக்கு நித்திரைக்கு முந்திய ஓய்வு.

அன்றிரவு பன்னிரண்டு தாண்டிப் பின்சாக்கு கனத்தது.
இவ்வளவு கழிவு இந்த நெல்லில் இல்லை.
ஒரு பிடி அள்ளி நீலத் தட்டில் பரப்பினேன்.
கல் இரண்டு, கறுத்தது ஏழெட்டு,
மிச்சமெல்லாம் நல்ல நாட்டரிசி,
முனைகூட உடையாதவை.

ஜவ்பர் முதலாளி கிண்ணியாவிலிருந்து போனில்:
"சென்சிட்டிவிட்டியக் கொறைங்க புள்ள,
சுபஹோட லொறி வந்துரும்."
குறைக்கலாம், ஒரு விரல் போதும்.
கல்லும் சேர்ந்து போகும்
யாரோ ஒருவரின் பல்லுக்கு.

காதை வைத்தேன்.
நாற்பத்தோராவது குழல்
டிக் டிக் டிக் டிக் என்று
எதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது.

திரையில் மூல அலையைத் திறந்தேன்.
நிலாவெளித் தொடுவானம் மாதிரி
ஒரே மட்டமாய்க் கிடக்க வேண்டும்.
கிடந்தது.
ஓரிடத்தில் மட்டும் பள்ளம்.
அரிசி வந்தாலும் பள்ளம்,
வராவிட்டாலும் பள்ளம்.

எனக்கு ஆறு வயதில்
பாடசாலை மைதானத்தில் எல்லோரையும் வரிசையில் விட்டார்கள்.
ஜீப்புக்குள் ஒரு சாக்கு இருந்தது,
சாக்கில் இரண்டு துளை.
ஒவ்வொருவராய் நடந்தார்கள், மெதுவாக, வெயிலில்.
சாக்கு ஆடாவிட்டால் வீடு.
என் சித்தப்பா நடந்தபோது ஆடியது.
தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவர்.
அந்தத் துளைக்குப் பின்னால்
என்ன ஒட்டியிருந்தது என்று துடைத்துப் பார்க்க
அன்றைக்கு அங்கே ஒருவரும் இல்லை.

மெஷினை நிறுத்தினேன்.
வாய்க்கால் தவளைகள் திடீரென்று கேட்டன.
மூடியைக் கழற்றிக் கண்ணாடிக்கு டோர்ச் அடித்தேன்.
தவிட்டோடு ஒட்டிய ஓர் அந்துப்பூச்சிச் சிறகு,
என் சுண்டுவிரல் நகத்தில் பாதி இல்லை.
மெஷின் பொய் சொல்லவில்லை.
கறுப்பைத்தான் பார்த்தது.
அது அரிசியின் கறுப்பில்லை.

துணி, ஸ்பிரிட்,
வெள்ளைத் தகட்டை வைத்து மறுபடி அளவு பிடிப்பு.
பள்ளம் நிரம்பியது.

கிருபைநாதன் கண்ணைக் கசக்கியபடி வந்தான்.
"ஒதுக்கினதை என்ன செய்ய, அக்கா?"
"திரும்ப விடு."
"எல்லாத்தையுமா?"
கரண்ட் பில்லை நினைத்திருப்பான்,
ஆனாலும் சாக்கைத் தூக்கினான்.

கொப்பியில் எழுதினேன்:
2.40. முன்கண்ணாடி துடைத்தது. 41 சரி.
பின்சாக்கு மூன்று, மறுபடி விட்டது.
தேறியது நூற்றிப்பதினெட்டுக் கிலோ.

பேனையை மூடவில்லை.
சிறகு எப்போது ஒட்டியது என்று தெரியாது.
பின்னேரம் ஐந்து மணிக்கே
இரண்டு சாக்கு கோழித்தீனுக்கு ஏறிப் போய்விட்டது.
அதையும் எழுதினேன்.
எடை போட்டிருக்கவில்லை.