பத்துக்கு எத்தனை

ஆறேகால், இன்னும் இருட்டு.
ஏரிக்காற்று தண்டர் பேயின் தெருக்களில்
ஆள் தேடி அலைகிறது.
பேருந்தில் நானும், தூங்கி விழும் பேக்கரிப் பையனும்,
மடியில் மடித்த நீல உடுப்பும்.
அடுத்த மாதம் எனக்கு நாற்பத்தொன்று.
வகுப்பில் மற்றவர்களுக்கு இருபது.

ஆய்வுகூடத்தில் பிளாஸ்டிக் கைக்குள்
சிவப்புச் சாயத் தண்ணீர் ஓடும்.
ஊசி தவறினால் அது முகம் சுளிக்காது.
ஒருமுறை பழக்கத்தில் மன்னிப்புக் கேட்டேன்.
பக்கத்துப் பிள்ளை சிரித்தாள்.
அந்த ரப்பர் மனிதனுக்குப் பொத்தானை அழுத்தினால் நாடி உண்டு.
வியர்வை இல்லை, வாடை இல்லை.
துவாயைக் கீழே போடாதே என்று
சொல்வதற்கு வாயும் இல்லை.

நான்காம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.
மார்லீன் கொய்விஸ்ட்டோ, ஐம்பத்திரண்டு,
பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர்.
சலரோகம்.
வலது காலை முழங்காலுக்குக் கீழே
செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள்.
இன்று வியாழன்.

இரத்த அழுத்தத்துக்கு இரண்டு தடவை காற்றடித்தேன்.
முதல் தடவை என் இதயம்தான் கேட்டது.
"அவசரமில்லை," என்றார்,
"நான் எங்கேயும் ஓடப்போவதில்லை."
சிரிக்கலாமா என்று தெரியாமல்
நூற்று நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.

பிறகு படிவத்தின் கேள்வி.
வலி, பத்துக்கு எத்தனை?
எட்டு.
எங்கே?
போர்வையைக் காட்டினார்,
போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தை.
"அங்கே. பெருவிரலில்."

எனக்குத் தெரியும். புத்தகத்தில் இருக்கிறது,
அந்தப் பக்கம் முழுக்க மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன்,
பரீட்சையில் இரண்டு புள்ளி.
என்றாலும் மருந்துத் தட்டை வைக்கப் போன கை
அந்த வெறும் இடத்துக்கு முன்
நின்றுவிட்டது,
ஒருவரை மிதித்துவிடாமல் ஒதுங்குவதுபோல.

எட்டு.
என் மொழியில் எண்ணுக்கு முன்பே
சொற்கள் வந்து வரிசையில் நிற்கும்:
நோ, உளைவு, கடுப்பு, குத்து, எரிவு,
விண்விண்ணென்று தெறிப்பது,
குடைவது,
மழைக்கு முன் மூட்டில் ஊறுவது.
ஒன்றையும் ஆங்கிலத்தில் எடுத்துவைக்க வரவில்லை.
கையால் செய்து காட்டினேன்.
இறுக்குவதா? குத்துவதா? முறுக்குவதா?
மார்லீன் என் விரல்களையே பார்த்திருந்துவிட்டு
"அதுதான்," என்றார், "கடைசியாகச் செய்தது.
ஈரத்துணி பிழிகிற மாதிரி."

எழுதினேன்: வலது பெருவிரல், எட்டு, முறுக்கும் வலி.

பயிற்சி ஆசிரியை ஷான்டல்,
என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்,
திரையைப் பார்த்துப் புருவம் தூக்கினார்.
வலது பெருவிரல் இல்லையே.
இல்லை. ஆனால் நோகிறது.
விறாந்தையில் யாரோ அழுத்திய மணி
அடித்துக்கொண்டே இருந்தது.
"சரி. 'நோயாளி கூறுவதாவது' என்று தொடங்கு.
பிறகு கட்டைப் பார். இறுக்கமா, சூடா, நாற்றமா,
அதையும் எழுது.
டாக்டருக்கு நீயே சொல்.
உத்தரவை நான் வாங்குகிறேன்."

இந்த இடத்தில்
ஊரை விட்டு வந்தவளையும் இல்லாத காலையும் சேர்த்து
ஒரு முடிச்சுப் போடத் தோன்றும்.
எனக்கும் திரும்பிவரும் பேருந்தில் தோன்றியது.
வேண்டாம்.
அது மார்லீனுடைய கால்.
உறைபனியில், நாற்பது பிள்ளைகளோடு,
பிரேக்கை மிதித்த கால்.

தொலைபேசியில் என் பெயரை மூன்று தடவை சொன்னேன்.
யோகவதனி. இல்லை, யோ. க. வ. த. னி.
மற்றதெல்லாம் ஒரே தடவையில் விளங்கியது அவருக்கு.
புது மாத்திரை பதினொன்றுக்கு வந்தது.
ஒரு மணிக்குக் கேட்டேன்: ஆறு.
மூன்றுக்குக் கேட்டேன்: ஆறரை,
உன் முகத்துக்காக ஆறு என்று போட்டுக்கொள்.
ஆறரை என்றே போட்டேன்.

முடிகிற நேரம் இடது பாதத்தைக் கழுவி
ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தேன்.
களிம்பு. விரல் இடுக்கில் பூசக் கூடாது,
அது மட்டும் மறக்கவில்லை.
மார்லீன் கண்ணை மூடியிருந்தார்.
"கொஞ்சம் வலப்பக்கம்," என்றார்.

எந்த வலம் என்று கேட்க வாய் எடுத்தேன்.
துவாய் நழுவிக் கீழே விழுந்தது.
புதியது எடுக்க
அலமாரிக்குப் போனேன்.