பையின் அடிப்பக்கம்

சுரினில், ஐஸ் ஆலைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில்
மூன்று பைகள் தொங்குகின்றன.
ஒன்றில் பழந்துணி, ஒன்றில் தேங்காய் நார்.
மூன்றாவதில் என்ன அடைத்தோம் என்று
தைத்த பூன்லோமுக்கே மறந்துவிட்டது.

உதைபடும் பை மேலிருந்து கீழ்வரை ஒன்றல்ல.
வருடக்கணக்கில் அடி வாங்கி
உள்ளே இருப்பதெல்லாம் இறங்கிக் கெட்டித்துப்போகும்.
நடுவில் உதைத்தால் தலையணை,
அடியில் உதைத்தால் வாசற்படி.
அந்த ஒரு முழம் இறங்க
எனக்கு இரண்டு வருஷமும் நான்கு மாதமும் ஆயின.

ப்ரயூன் ஒரே மழைக்காலத்தில் இறங்கினான்.
இரவில் காலி பீர் பாட்டிலைக்
கணைக்காலில் வைத்து அழுத்தி உருட்டுவான்.
"நரம்பு செத்தால் வலி சாகும்."
செத்தது என்னவோ உண்மைதான்.
ரோய் எட், கோயில் திருவிழா, மூன்றாம் சுற்று.
எதிராளி முழங்காலைத் தூக்கித் தடுத்தான்.
காய்ந்த மூங்கில் முறிகிற சத்தம்.
ப்ரயூன் காலை ஊன்றினான்;
ஊன்ற அங்கே கால் இல்லை.
வலி இருந்திருந்தால்
மூன்று வாரம் முன்பே வந்து சொல்லியிருக்கும்.
சேதி கொண்டுவந்தவளை அல்லவா
அவன் வாசலிலேயே கொன்றிருந்தான்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தவள் நான்.
பெரிய முறிவுக்கு மேலே
முடியளவு கோடுகள் நாலைந்து, பாதி ஆறியவை.
படம் எடுத்த பெண், பெயர் அட்டையில் சுதாரத்,
நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.
"இங்கே கட்டிக்கொண்டிருந்தது.
இங்கேயும்.
முடிக்கத்தான் விடவில்லை."

அன்றிரவு ஆலையில் ஐஸ் பாளங்களை இழுத்தேன்.
அச்சில் தண்ணீர் ஊற்றி முப்பத்தாறு மணிநேரம்.
இருபதில் தூக்கினால்
வெளியே பாறை, உள்ளே தண்ணீர்,
லாரியில் ஏற்றும்போதே பிளக்கும்.
முதலாளி கத்திப் பார்த்திருக்கிறார்.
குளிருக்குக் காது கிடையாது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம்.
நகரட்டும். அம்மிக்கு ஆற வேண்டியதில்லை.

செவ்வாய் உதைப்பேன், அறுபது, எண்ணி.
புதனும் வியாழனும் பை என் முகத்தைப் பார்க்காது.
அந்த நாட்களில் தோளில் பாரம் வைத்து உட்கார்ந்து எழுவேன்,
முள்ளோடு மெல்லும் பொடிமீன் தின்பேன்,
ஒன்பதுக்கெல்லாம் தூங்கிவிடுவேன்.
விடியலில் கட்டைவிரலால்
கணைக்காலை மேலிருந்து அழுத்திக்கொண்டே வருவேன்.
கால் முழுக்க மந்தமாக வலித்தால் போகட்டும்,
வேலை நடக்கிறது.
ஒரு காசளவு இடத்தில் மட்டும் சுருக்கென்றால்,
அந்தக் காசு நள்ளிரவில் எழுப்பினால்,
கொட்டகைப் பக்கமே போவதில்லை.
இந்த வருஷம் அப்படி இரண்டு ஆட்டங்கள் விட்டேன்.
பந்தயம் கட்டியவர்கள் எனக்கு வைத்த பெயரை
இங்கே எழுத முடியாது.

பதினோரு மாதம் கழித்து ப்ரயூன் வந்தான்,
இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை.
ஏணி கேட்டான்.
மூன்றாவது பையை அவிழ்த்துத்
தலைகீழாகக் கட்டினான்.
கெட்டியெல்லாம் கூரைப் பக்கம் போய்விட்டது,
என் இரண்டு வருஷமும் நான்கு மாதமும் அதோடு சேர்ந்து.
நன்றாகத் திட்டினேன்.

அவன் பதில் சொல்லவில்லை.
பையில் காதை வைத்துக் கேட்டான்.
உள்ளே ஏதோ, மணலோ உமியோ,
சரசரவென்று கொஞ்சமாக
இறங்கத் தொடங்கியிருந்தது.

"இறங்கட்டும்" என்றான்.
அன்று உதைக்கவில்லை.