சத்தம் வந்த இடம்

நாடியை இதில வையுங்கோ அக்கா,
நெத்தியை அந்தப் பட்டியில முட்டுங்கோ,
பச்சைப் புள்ளியை மட்டும் பாருங்கோ,
இமைக்க வேண்டாம்
என்றாள் லக்சாயினி.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
கண் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறை.
ஏசி ஒழுகும் தண்ணிக்கு
அடியில் ஒரு பெயின்ற் வாளி.
இமைக்காமல் இருப்பது எனக்குப் புதிதில்லை.
பதினொரு வருடமாக
அம்பகாமத்துக் காட்டில் முழங்காலில் நின்று
ஒரு மீற்றர் அகல நிலத்தைப்
பார்த்துக்கொண்டிருப்பவள் நான்.

வெள்ளெழுத்துக் கண்ணாடிக்குத்தான் வந்தேன்.
ஆராய்ச்சி ஒன்று நடக்குது, விருப்பமென்றால் என்று
படிவத்தை நீட்டினார்கள்.
விரும்பினேன்.
வெயிலுக்குள் இறங்க மனமில்லை.

திரையில் என் கண்ணின் அடி
கிணறு வெட்டின பக்கச் சுவர்போலப்
படை படையாகக் கிடந்தது.
வன்னியில் மண் வெட்டினவர்களுக்குத் தெரியும்:
மேலே செம்மண், கீழே கிறவல்,
அதற்குக் கீழே என்ன என்று
யாரும் பந்தயம் கட்டுவதில்லை.

இந்தப் படை கொஞ்சம் மெலிஞ்சிருக்கு
என்று பேனா முனையால் தொட்டாள்.
எவ்வளவு?
தலைமயிரைப் பத்தாய் வகுந்தால் ஒரு பங்கு.

பிறகு கேட்டாள்:
மணம் தெரியுதோ?
கையெழுத்து சின்னனாகிப் போச்சோ?
நித்திரையில கை கால் அடிக்கிறனீங்களோ?

மூன்றாவதை என் மனிசனிடம்தான் கேட்கவேணும்.
அவர் கட்டாரில்.
இரண்டாவதற்குச் சிரித்தேன்.
போன மாதம் சம்பளப் புத்தகத்தைப் பார்த்துக்
கணக்குப் பார்க்கிற பெடியன்
அக்கா எறும்புக்கோ கையெழுத்து வைக்கிறியள் என்றவன்.
முதலாவதற்குப் பதில் சொல்லவில்லை.
ஆனியில் பாலைப்பழம் பழுத்து
காடே மணக்குது என்று மரியபுஸ்பம் சொன்னபோது
ஓமோம் என்று தலையாட்டியிருந்தேன்.
முகக்கவசம்தான் மறைக்குது என்று நினைத்தேன்.
கழற்றின பிறகும் மணக்கவில்லை என்பதை
நினைக்கவில்லை.

பார்க்கின்சன் என்றாள்.
சொன்ன வாயோடு கையை உயர்த்தினாள்,
லொறியை மறிப்பதுபோல.
இதை வருத்தம் எண்டு சொல்லேலாது அக்கா.
கை நடுங்கிறதுக்கு வருசக்கணக்கில முந்தியே
கண்ணில தெரியுமோ எண்டுதான் பாக்கினம்.
வயசுக்கும் மெலியும், சீனிக்கும் மெலியும்.
ஒண்டுமே வராமலும் போகும்.

விளங்கியது.
அவள் நினைத்ததைவிட நன்றாகவே விளங்கியது.
கருவி கத்துகிற இடமெல்லாம் வெடியில்லை.
நான் கிளறி எடுத்தவை
கூரைத் தகரத்து ஆணி, சோடா மூடி, சன்னக் கோது,
பள்ளிக்கூட பெல்ற்றின் கொளுக்கி,
ஒருமுறை தையல் மெசினின் பொபின், நூலோடு.
ஆயிரம் சத்தத்தில் ஒன்றுதான் அது.
என்றாலும் ஆயிரத்தையும்
அந்த ஒன்றின் மரியாதையோடு
பக்கவாட்டாகத்தான் தோண்டவேணும்.
ஆணிதான் என்று நேராகக் குத்தினவனின் சப்பாத்தை
நான்தான் பொறுக்கி
அவன் தாயிடம் கொடுத்தேன்.

ஒரு வித்தியாசம்.
அங்கே சத்தம் வந்தால் தோண்டலாம்.
இங்கே சிவப்புக் கட்டையை நட்டுவிட்டு
அதைச் சுற்றிச் சமைக்கவேணும்,
கடன் கட்டவேணும், பஸ்ஸுக்கு ஓடவேணும்,
ஆறு மாதத்தில் திரும்ப வந்து
நாடியை வைக்கவேணும்.

மாங்குளம் பஸ்ஸில் சீற் கிடைத்தது.
இரண்டு கையையும் மடியில் விரித்து
முறிகண்டிவரை பார்த்துக்கொண்டு வந்தேன்.
கம்பியைப் பிடித்திருந்த
எல்லோருடைய கையும் நடுங்கியது.

காலையில் ரஞ்சிதகுமார் சேர்
வழமைபோல வரிசைக்கு முன்னால் நின்று
ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ என்றார்.
பன்னிரண்டு பேரும் வழமைபோல
இல்லை சேர்.
வீட்டுக் கடன் இன்னும் பதினாலு தவணை.
என் வலப்பக்கத்து ஒழுங்கையில்
மரியபுஸ்பம்.

கையை உயர்த்தினேன்.
கொஞ்சமும் நடுங்காத கை.
அதைத்தான்
எல்லோரும் பார்த்தார்கள்.