முப்பத்திரண்டு நொடி

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இப்பால்
சென்னியப்பன் பிராய்லர்ஸ்.
மாடியில் ஆபீஸ், கீழே காலிக் கூண்டுகள்.
படியேறும்போதே என் செருப்பில்
ஒட்டிக்கொண்டது ஓர் இறகு.

லேண்ட்லைனைப் பிடுங்கிவிட்டு
இணையத்தில் பேசும் போன் ஆறு வாங்கி
ஒரு மாதம்.
நூற்றொன்று முதலாளி.
நூற்றிரண்டு ஷைலஜா, கணக்கு.
நூற்றாறு தீவனக் குடோன்,
அதை யாரும் எடுப்பதில்லை.

'மணி அடிக்குதுங்க. எடுத்தா சத்தமில்லீங்க.
ஹலோ ஹலோன்னு தொண்டை வத்துனதுதான் மிச்சம்.
கொஞ்ச நேரத்துல அதுவே கட்டாயிருது.'

கொஞ்ச நேரம் என்றால்?
கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.
முப்பத்திரண்டு நொடி.
மறுபடி அழைக்கச் சொன்னேன்.
முப்பத்திரண்டு.
நோய் இவ்வளவு நேரம் தவறாமல் வந்தால்
எனக்குப் பாதி வேலை மிச்சம்.

கேபிளை மாற்றியிருக்கிறார்கள்.
மோடத்தைத் தட்டியிருக்கிறார்கள்.
ரூட்டரின் தலையில்
ஓர் எலுமிச்சை காய்ந்து கிடந்தது.

போன் தன் விலாசத்தைத் தப்பாகச் சொல்லுது, என்றேன்.
ஷைலஜா விழித்தாள்.
கொழிஞ்ஞாம்பாறையில உங்க வீட்டுப் பேரு?
'களத்தில்.'
வெறும் களத்தில்னு எழுதி
மதுரையிலிருந்து ஒருத்தர் கடுதாசி போட்டா?
சிரித்தாள். 'எங்க பக்கத்துல களத்தில்
இருபது வீடு உண்டு.'

அதேதான்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு
என்று தொடங்கும் உள்வீட்டு எண்ணை
ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு
பதிலுக்குக் காத்திருக்கிறது இது.
அவங்க குரல் கதவு தெரியாம வெளியே அலையுது.

'அப்ப நம்ம பேசறது?'
அது போகும். நல்லாவே போகும்.

அவள் சிரிப்பு நின்றது.
முதலாளி பக்கம் திரும்பினாள்.
அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரூட்டருக்குள் போனேன்.
பாஸ்வேர்டு, கடையில் வந்த அன்றிருந்த அதே அட்மின்.
உதவுகிறேன் என்று நடுவே புகுந்து
கடிதத்தைப் பிரித்துத் திருத்தி ஒட்டும்
ஒரு வசதி, ஒற்றை டிக்.
எடுத்தேன்.
வெளி விலாசத்தை எழுதினேன்.
சேமி. ரீஸ்டார்ட்.
ஒவ்வொன்றாய்ப் பச்சைக்கு வந்தன,
நூற்றாறு கடைசியில்.

மணி.
ஸ்பீக்கரில் போட்டாள் ஷைலஜா.
'கேள்க்குன்னுண்டோ?'

'உண்டு சேச்சி.'

சுபைர். திருச்சூர் லோடு.
குரலுக்குப் பின்னால் ஹாரன்,
அதற்கும் பின்னால் கோழிகள்,
ஆயிரத்துச் சொச்சம்.
'எனிக்கு எப்பவும் கேட்டுச்சு.
உங்களுக்குத்தான் கேக்கலை.
கேக்கலைன்னு நெனச்சு
நீங்க பேசினதும் கேட்டுச்சு.'

சென்னியப்பன் குனிந்தார்.
'சொல்லுப்பா, சொல்லு.'

'ஞான் கள்ளனில்ல மொதலாளி.
எடை கொறஞ்சது வெயில்ல.
தாகத்துல.
நாலு தடவை போன் பண்ணி இதைத்தான் சொன்னேன்.'

யாரும் பேசவில்லை.
போனின் சின்னத் திரையில் எண்கள் ஏறின.
முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
அவர் அதையே பார்த்தார்.
முப்பத்து மூன்று.
நாற்பது.
லைன் தெளிவாக இருந்தது.
சேவல் ஒன்று தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்டது.

'பிடிச்ச முந்நூறை
இந்த வாரம் சேத்தித் தந்தர்றேன்'
என்றபோது அறுபத்தெட்டு.
'ஆங்' என்றான் அவன்.
அவனேதான் வைத்தான்.

நான் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போடும்போது
மெல்லக் கேட்டார்:
'போன மாசம் பேசுனதெல்லாம்
எங்கியாச்சும் பதிவாயிருக்குங்களா?'

பெட்டியில இல்லீங்க.

பில்லைப் படிக்காமல் பணம் எண்ணினார்.
அந்த எலுமிச்சையை எடுத்துடட்டுங்களா, என்றேன்.
இருக்கட்டும், என்றார்.